பாம்பு தொடாத எலியை என்ன செய்வது? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

பாம்பு சாப்பிட மறுத்துவிட்டால் நம் கவலை முழுக்க பாம்பின் மேலேயே போய்விடும். சூடு போதவில்லையா, உடம்புக்கு ஏதாவதா, இடம் பிடிக்கவில்லையா என்று தேட ஆரம்பித்துவிடுவோம். அதுவரை அந்த எலி கூண்டுக்குள்ளேயே கிடக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வாரக்கணக்கில், குளிர்காலத்தில் மாதக்கணக்கில்கூட, சாப்பிடாமல் இருக்கும். ஆனால் முப்பது டிகிரிச் சூட்டில் கிடக்கும் செத்த எலி சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். உயிருள்ள எலி என்றால் அதற்குப் பசிக்கும், பயப்படும், கடிக்கும். அதனால் முதலில் எலியைக் கவனியுங்கள். பாம்பை அப்புறம் பார்க்கலாம்.

டொராண்டோ, லண்டன், சிட்னி போன்ற ஊர்களில் கடையில் வாங்கிய உறைந்த எலியைக் கொடுத்துப் பாம்பு வளர்க்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அளவுகளும் வெப்பநிலைகளும் பால் பைத்தானுக்கும், விஷமில்லாத வட அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கும் பொருந்தும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போல, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை 2024-இல் வந்த விதிகளின்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பாம்பு நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கிறது, அப்புறம் தலையைத் திருப்பிக்கொள்கிறது

எலி இன்னும் உங்கள் இடுக்கியில்தான் இருக்கிறது, கூண்டுக்குள் விழவில்லை என்றால், அதைக் காப்பாற்ற இன்னொரு வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் எலியின் சூடுதான் காரணம். பால் பைத்தானின் மேலுதட்டு ஓரத்தில் இருக்கும் சிறு குழிகள் வெப்பத்தை உணர்பவை. அந்தக் குழிகளுக்கு முன்னால் அறைச் சூட்டில் ஒரு எலியை ஆட்டினால், அது இரை என்றே பாம்புக்குத் தோன்றாது.

எலியின் வயிற்றைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கோலிக்குண்டு போல ஏதாவது தட்டுப்பட்டால் நடுப்பகுதி இன்னும் உருகவில்லை. வெளியே வெதுவெதுப்பாக இருப்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. நடுவில் பனிக்கட்டியோடு விழுங்கிய எலியைப் பாம்பு இரண்டு மூன்று நாளில் கக்கிவிடக்கூடும். முழுக்க உருகி, ஆனால் ஆறிப்போயிருந்தால், ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி, கை பொறுக்கும் சுடுநீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்துங்கள். மேல்தோல் 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை வந்தால் போதும். இருநூறு ரூபாய் மதிப்புள்ள எலிக்கு ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள அகச்சிவப்பு வெப்பமானி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவி வந்தபின் வீணாகும் எலிகள் குறைவதைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். தலைப்பகுதி மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தால் இன்னும் நல்லது. பாம்பு பெரும்பாலும் அங்கேதான் பாயும். கடைசி நிமிடத்தில் தலையை மட்டும் ஹேர் டிரையர் காற்றில் காட்டலாம்.

ஈரமான எலியைத் துணியில் ஒற்றி உலர்த்திய பிறகு கொடுங்கள். இடுப்பைப் பிடித்து, உயிரோடு நடப்பது போலத் தரையை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். பாம்பின் முகத்துக்கு நேராக ஆட்டினால் அது பயந்து பந்தாகச் சுருண்டுவிடும். இந்த இரண்டாவது முயற்சியும் பலிக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவது முறை சூடாக்காதீர்கள், "வேறு எலியாவது பிடிக்குமோ" என்று இன்னொன்றை உருக்கவும் செய்யாதீர்கள். ஒரு எலி வீணாகும் இடத்தில் இரண்டு வீணாகும்.

கவ்வியது, சுற்றி இறுக்கியது, பிறகு அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது

இது நல்ல அறிகுறி. பாம்புக்குப் பசி இருக்கிறது, நடுவில் ஏதோ கலைத்துவிட்டது. பெரும்பாலும் அது நாம்தான்: விளக்கைப் போடுவது, கைபேசியில் படமெடுக்கக் குனிவது, குழந்தைகள் கண்ணாடியில் முகம் பதித்து நிற்பது.

எலியை எடுக்காதீர்கள். அது கிடக்கும் இடத்திலேயே இருக்கட்டும். விளக்கை அணைத்து, கூண்டின் முன்பக்கத்தைத் துணியால் மூடிவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நிறைய பால் பைத்தான்கள் ஆள் போன அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, எலியின் மூக்கைத் தேடிப் பிடித்து விழுங்கும். எலியின் மேல் கூண்டில் விரித்த மரச்சீவல் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த தடவையிலிருந்து ஒரு தட்டையான கல்லின் மேலோ தட்டின் மேலோ கொடுங்கள்.

மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் குப்பைக்குத்தான். பாம்பின் பல் குத்திய எலியில் தோல் கிழிந்து, எச்சில் இறங்கியிருக்கும். அதை நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது.

இரவு போட்டது, காலையில் பார்த்தால் அப்படியே கிடக்கிறது

மூக்கால் சோதிக்க வேண்டியதில்லை. வெப்பப் பாயின் மேலோ வெப்ப விளக்கின் கீழோ இரவு முழுதும் கிடந்த எலி கெட்டதுதான். முதலில் வயிறு உப்பும், அடிவயிற்றில் பச்சை படரும், பிறகு முடி கையோடு வரும். இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் அழுக ஆரம்பித்திருக்கும். பாம்பு காலையில் திடீரென்று ஆர்வம் காட்டினாலும் கொடுக்காதீர்கள். குளிர்ந்த பக்கத்தில் கிடந்த எலி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. இருந்தாலும் என் கணக்கில் இரவு தூங்கப்போகும் முன்பே எடுத்துவிடுவதுதான் சரி.

கையுறை போட்டு அல்லது பையைக் கையில் கவிழ்த்து எலியை எடுங்கள். அது கிடந்த இடத்து மரச்சீவலையும் ஒரு கைப்பிடி சேர்த்து அள்ளிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்திருந்தால் தண்ணீரை மாற்றிக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவும் இடம் சமையலறைத் தொட்டியாக இருக்கக் கூடாது.

மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?

சூடாக்கிய எலி என்றால் கூடாது. உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, நிறுத்திவைக்கிறது. வெதுவெதுப்பில் பெருகியவை அப்படியே உறைந்து, அடுத்த தடவை உருகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதோடு, இரண்டு முறை உறைந்த எலியின் வயிற்றுத் தோல் நைந்துபோய், இடுக்கியால் தூக்கும்போதே பிய்ந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக்கியது, இன்னும் சில்லென்று இருக்கிறது, சுடுநீரில் போடவே இல்லை என்றால், அங்கேயே விட்டுவைத்து மறுநாள் மாலைக்குள் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம். இதற்காகவே, மறுக்கும் காலத்தில் இருக்கும் பாம்புக்கு எலியைக் குளிர்ப்பெட்டியில்தான் உருக்க வேண்டும் என்று சொல்வேன். பாம்பின் கண் மங்கி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று அன்று மாலை பார்த்துவிட்டு, அப்புறம் சுடுநீரில் போடுங்கள். சட்டை உரிக்கப்போகும் பாம்பு பெரும்பாலும் எதையும் தொடாது.

சூடாக்கும்போதே வயிறு வெடித்துவிட்டது

கொதிக்கும் நீரோ மைக்ரோவேவோதான் காரணம். மைக்ரோவேவில் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் உறைந்தே இருக்கும், குடல் வெடித்து உள்ளே தெறிக்கும். வீட்டார் சாப்பாடு சூடாக்கும் பெட்டியில் இது நடக்கவே கூடாது. 2008 முதல் பிரிட்டனிலும், 2010-இல் அமெரிக்காவிலும், பாம்புக்கென்று விற்ற உறைந்த எலிகளிலிருந்து சால்மொனெல்லா பரவியது. பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், அவர்களில் குழந்தைகள் நிறைய. எலி பார்க்க எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்திருக்கும்.

வெடித்த எலியைப் பாம்புக்குக் கொடுத்தால் கூண்டு நாறும், பாம்பும் அநேகமாக முகம் சுளிக்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள். எலிக்கென்று ஒரு பாத்திரம், ஒரு இடுக்கி, மூடியுள்ள ஒரு டப்பா தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியோ ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ இருக்கும் வீட்டில் இதில் சலுகையே காட்டக் கூடாது. ஃப்ரீசரில் கறி, மீன், இட்லி மாவு பக்கத்தில் வெறும் பொட்டலமாக எலி இருப்பது வீட்டில் சண்டைக்கும் வழி, நோய்க்கும் வழி. சின்ன ஃப்ரீசர் ஒன்று பழையதாக வாங்க முடிந்தால் அதுதான் நிம்மதி.

வீட்டில் இன்னொரு பாம்பு இருக்கிறது, அதற்குக் கொடுக்கலாமா?

முதல் பாம்பின் கூண்டுக்குள்ளேயே போகாத, இடுக்கியிலேயே இருந்த எலி என்றால், இரண்டு பாம்பும் பல மாதங்களாக உங்களிடம் நலமாக இருப்பவை என்றால், கொடுக்கலாம். ஒன்று புதிதாக வந்தது, அல்லது சாப்பிட மறுப்பதற்குக் காரணம் தெரியவில்லை என்றால் வேண்டாம். உண்ணிப் பூச்சி, குடலைத் தாக்கும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம், பைத்தான்களுக்கு மூச்சுக்குழாய் நோய் தரும் நைடோவைரஸ் எல்லாம் இப்படி ஒரு எலியில், ஒரு இடுக்கியில் ஏறிப் போகக்கூடியவை. ஒரு எலியின் விலைக்காக இரண்டாவது பாம்பையும் பணயம் வைக்காதீர்கள்.

பூனைக்கும் நாய்க்கும் போடுவதோ, காக்கை தின்னட்டும் என்று வெளியே வைப்பதோ வேண்டாம். அந்தப் பிராணிக்கும் சால்மொனெல்லா போகும், அதைத் தொடும் பிள்ளைக்கும் போகும்.

எங்கே போடுவது?

இரண்டு பைகளில் இறுகக் கட்டி, மறுபடி ஃப்ரீசரில் "குப்பை" என்று எழுதிய தனிப் பெட்டிக்குள் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில் வெளியே போடுங்கள். இது திரும்பக் கொடுப்பதற்கு அல்ல, நாற்றம் வராமல் இருப்பதற்கு. டொராண்டோவில் முன்தினம் இரவே வைத்தால் ரக்கூன் வந்து தொட்டியைக் கவிழ்த்துத் தெருவெல்லாம் இழுத்துவிடும். இறந்த பிராணிகளை எந்தத் தொட்டியில் போடலாம் என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும், ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். தோட்டத்தில் புதைத்தால் நரியோ ரக்கூனோ தோண்டாத ஆழம் வேண்டும்.

உயிருள்ள எலி, பாம்பு கண்டுகொள்ளவில்லை

இங்கே நிதானமாகப் படியுங்கள், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான்.

பதினைந்து நிமிடத்துக்குள் பாம்பு பாயவில்லை என்றால் எலியை வெளியே எடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் நீங்கள் கூண்டின் முன்னால் இருக்க வேண்டும். பசிக்காத பாம்பு எலியை எதிர்க்காது. சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும். எலி முதலில் ஓரமாக ஓடும், பிறகு பயம் தெளிந்து பாம்பின் மேல் ஏறும், பசி எடுத்தால் முதுகைக் கடிக்க ஆரம்பிக்கும். இரவு முழுக்க விட்டுவைத்த பாம்பின் முதுகில் செதில் போய், தசை தெரிய, சில சமயம் முள்ளெலும்புவரை கடித்திருப்பதைப் படங்களில் பார்த்தால் மறக்காது. கண்ணைக் கடித்துவிட்டால் பார்வையே போகலாம்.

எடுக்கும்போது வெறுங்கையை விடாதீர்கள். எலி வாசனை இருக்கும் கூண்டில் கை இரையாகத் தெரியும். பயந்த எலியும் கடிக்கும். ஒரு அட்டைக் குழாயையோ டப்பாவையோ படுக்க வைத்தால் எலி தானாக உள்ளே நுழையும், அந்தக் குழாயின் அல்லது டப்பாவின் வாயை மூடி வெளியே எடுத்துவிடலாம்.

இனி அந்த எலி உங்கள் பொறுப்பு. கடை கொடுத்த அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒரே இரவில் கடித்துத் துளை போட்டுச் சுவருக்குள் போய்விடும். கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி வேண்டும், அடியில் ஆஸ்பென் மரச்சீவல் (தேவதாரு வாசனையுள்ள சீவல் எலிக்கும் ஆகாது, பாம்புக்கும் ஆகாது), தண்ணீர் பாட்டில், எலித் தீவனம், ஒளிந்துகொள்ள ஒரு மூலை. பாம்பு இருக்கும் அறையில் வைக்காதீர்கள். எந்நேரமும் எலி வாசனை அடித்துக்கொண்டிருந்தால் பாம்பு அமைதியாக இருக்காது, எலிக்கும் அது நரகம். ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்க்கலாம்; அதற்கு முன் எலிக்கு வயிறு நிறையத் தீவனம் போட்டிருக்க வேண்டும். பட்டினி எலிதான் அதிகம் கடிக்கும்.

இரண்டு எலிகள் மிஞ்சியிருந்தால் ஆணா பெண்ணா என்று அன்றைக்கே பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு விதைகள் வெளியே தெரியும். சேர்த்து வைத்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி, போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி கருத்தரிக்கும், குட்டிகளே ஆறேழு வாரத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். கடையில் கலந்து வைத்திருந்த பெண் எலி ஏற்கெனவே சினையாக இருப்பதும் சாதாரணம். முன்பின் பழகாத இரண்டு ஆண்களைச் சேர்த்தால் ரத்தம் வரச் சண்டை போடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உயிருள்ள எலியை வைத்திருக்கவே வேண்டாம். எலிகள் சுமக்கும் ஒருவகை வைரஸ் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது.

கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள், நோய்ப் பயத்தால் பலர் வாங்கிக்கொள்வதில்லை. பாம்பு வைத்திருக்கும் நண்பர் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வளர்த்துவிடுங்கள், ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கும், அவ்வளவுதான்.

பூங்காவில் கொண்டுபோய் விடுவது விடுதலை கொடுப்பது ஆகாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளை எலிக்கு இரை தேடத் தெரியாது, ஒளியத் தெரியாது, குளிர் தாங்காது. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது சித்திரவதை. தண்ணீரில் அமிழ்த்துவதும் அப்படியே. முடிவு கட்டத்தான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதையெல்லாம் செய்ய மனமும் இடமும் இல்லை என்றால் உயிருள்ள எலியை வாங்காமல் இருப்பதே நல்லது. பிரிட்டனில் பெரும்பாலோர் உறைந்த எலிதான் கொடுக்கிறார்கள், பாம்புகளும் நன்றாகத்தான் வளர்கின்றன.

எலி பாம்பைக் கடித்துவிட்டது

சின்னக் கீறல் என்றால் நீர்த்த குளோர்ஹெக்சிடினாலோ, தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினாலோ துடைத்து, மரச்சீவலை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத் துண்டு விரித்து வையுங்கள். சீழ், வீக்கம், ஆழமான காயம், கண்ணருகே காயம் என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போங்கள். நாம் பூசிக்கொள்ளும் வலி மரத்துப்போகும் களிம்புகளைத் தடவாதீர்கள்.

சாப்பிட்டதைக் கக்கிவிட்டது

அரைகுறையாகச் செரித்து, நீண்டு, கொழகொழவென்று கிடக்கும் எலியின் நாற்றம் அறை முழுக்கப் பரவும். கையுறையோடு அள்ளி, கூண்டில் விரித்திருப்பதை முழுவதும் மாற்றி, கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். திரும்பக் கொடுக்கும் பேச்சே இல்லை. உடனே இன்னொரு எலியும் கொடுக்கக் கூடாது. வயிற்று அமிலம் மீண்டும் சேரப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும், அதன்பின் வழக்கத்தில் பாதி அளவு எலி. அதற்குள் வெப்பநிலையைச் சரிபாருங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் யாரும் தூக்கினார்களா என்றும் கேளுங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவர்தான். கக்கியதை ஒரு பையில் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் சோதனைக்கு உதவும்.

பாம்பு மாதக்கணக்கில் மறுக்கிறது, ஃப்ரீசரில் எலி குவிந்துகிடக்கிறது

தினமும் நீட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குட்டிக்கு வாரம் ஒருமுறை, அதுவும் ஒரே ஒரு எலி. பாம்பைச் சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்தல், தலை நிலைகொள்ளாமல் திரும்புதல் இருந்தாலோ காத்திருக்காதீர்கள். குட்டிப் பாம்புக்கு இவ்வளவு பொறுமை கூடாது. சில வாரம் மறுத்தாலே காட்டிவிடுங்கள்.

எலிப் பைகளில் வாங்கிய மாதத்தை எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. பழையதில் வைட்டமின் ஈ குறையும், காய்ந்து வெளுத்த திட்டுகள் விழும், வாசனையும் மாறும், பாம்புக்கு அது பிடிக்காது. பாம்பு பெரிதாகி, எலியின் அளவு சிறியதாகிவிட்டதென்றால் இரண்டு சின்ன எலிகளாகக் கொடுத்துத் தீர்க்கலாம். ஒருமுறையும் உருகாத, முத்திரை பிரிக்காத பைகளைக் கழுகு, ஆந்தை பராமரிக்கும் மீட்பு மையங்கள் சில வாங்கிக்கொள்ளும். முதலில் போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். மின்சாரம் வந்தபின் ஒவ்வொரு எலியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வளைவதை வெளியே போடுங்கள். பிங்கிகள் (முடி முளைக்காத எலிக்குஞ்சுகள்) முதலில் உருகும் என்பதால் அவற்றைப் பெட்டியின் அடியில், பெரிய எலிகளுக்கு நடுவே வைப்பது நல்லது.